டீச்சர் தாள்

பயிற்சி நிலையத்தின் முதல்வருக்கு எந்த வேலையும் பெரிய வேலை இல்லை, அதை வேறொருவர் செய்கிற வரைக்கும்.

"புதுப் பாடத்திட்டம்னா என்ன டீச்சர், வானத்தை வில்லா வளைக்கணுமா? இருக்கறதை அப்படியே வெச்சுக்கிட்டு, நாலு இடத்துல ‘டிஜிட்டல்’னு தூவி விடுங்க, உப்பு மாதிரி. தொழிற்சாலைக்காரர் ஒருத்தர் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. நாளைக்குக் காலையில பாடத்திட்டக் குழு உட்காருது" என்றார்.

அச்சுப் பிரிவின் டீச்சர் உப்புத் தூவுகிற ஆள் இல்லை. பல வாரமாக உட்கார்ந்து, ஒவ்வொரு அலகாகப் பிரித்து மேய்ந்திருந்தாள். யாரும் இப்போது கையால் தொடாத வேலைகளை எடுத்துவிட்டு, கணினியிலிருந்து நேராக அச்சுக்கான பிளேட் எடுப்பதைச் சேர்த்தாள். நிறத்தைக் கருவியால் அளப்பதைச் சேர்த்தாள். புத்தகம் அச்சடிக்கிறவர்கள் குறைந்து டப்பா அச்சடிக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள் என்பதால், டப்பாவுக்கென்றே ஒரு அலகு எழுதினாள். கோப்பு கனத்துப்போயிற்று.

ஆனால் முதல் அலகில் மட்டும் அவள் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளே எழுதிய அலகு அது. பெயர், ‘தாள் சிக்கனம்’. பயிற்சி நிலையத்துக்கு நல்ல தாள் எப்போதும் கிள்ளித்தான் வரும். அதனால் மெஷினை ஓட்டிப் பழகுகிறவர்கள் முதலில் பழைய வேலையில் மிஞ்சிய தாள்களை ஏற்றி, மை விடாமல் வெறுமனே ஓட்டிப் பார்க்க வேண்டும். தாள் கோணாமல், கிழியாமல், ஒன்றன்பின் ஒன்றாக மறுமுனையில் போய் விழுகிற வரை பழசிலேயே ஓட்ட வேண்டும். அப்புறம்தான் புதுத் தாளில் கை வைக்கலாம். யார் மிகக் குறைவாகப் புதுத் தாளை வீணாக்குகிறார்களோ அவர்களுக்கு இருபதுக்கு இருபது.

அந்த இருபதை முதலில் வாங்கியவன் அவளுடைய சொந்தத் தம்பி. அக்கா என்பதால் அவள் போட்ட மதிப்பெண் அல்ல. உண்மையிலேயே அவன் கை அப்படி. ஒல்லி உடம்பு, காதில் எப்போதும் ஒரு பென்சில், அதனால் பெயரே ‘பென்சில்’ ஆகிவிட்டது. இப்போது அவன் மருந்து டப்பா அச்சடிக்கும் தொழிற்சாலையில் பெரிய மெஷினின் பொறுப்பாளன். கையெழுத்து வாங்க டீச்சர் போனதும் அதே தொழிற்சாலைக்குத்தான்.

தொழிற்சாலையின் மேனேஜர் அகலமான மனிதர். நடக்கும்போது இரண்டு பக்கமும் கதவுகள் வழிவிடுவது போலிருக்கும். "பொறுமையா, ஆனா சீக்கிரம்" என்பது அவர் வாய்ப்பாடு. யாரிடமும், எதற்கும், அதைத்தான் சொல்வார்.

"வாங்க டீச்சர், முதல்ல ஒரு சுற்று பார்த்துடலாம். பொறுமையா, ஆனா சீக்கிரம்."

அச்சுக்கூடம் நீளமான தகரக் கொட்டகை. ஒரு முனையில் அச்சு மெஷின், நடுவில் டப்பாவின் வடிவத்துக்கு அட்டையை வெட்டும் மெஷின், மறுமுனையில் பசை ஒட்டும் மெஷின். அட்டை ஒரு முனையில் தாளாக நுழைந்து மறுமுனையில் டப்பாவாக வெளியே வருகிறது. உயரத்தில் இருந்த ஜன்னல்கள் வழியாக விழுந்த வெயிலில் அட்டைத் தூசி மிதந்துகொண்டிருந்தது. ஏதோ குளிர்நாட்டில் பனி பெய்வதைப் போல என்று டீச்சருக்குத் தோன்றியது. தூரத்தில் தம்பி அக்காவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். வேலை நேரத்தில் உறவு கிடையாது என்பது இருவருக்குள்ளும் பேசாமல் போட்ட ஒப்பந்தம்.

பசை மெஷின் அப்போதுதான் புது வேலையைத் தொடங்கியிருந்தது. மடிந்து ஒட்டிய டப்பாக்கள் தட்டையாக ஒன்றன்மேல் ஒன்று சரிந்து வந்தன. மேனேஜர் முதலில் வந்து விழுந்ததைக் கையோடு ஒரு பிடி அள்ளினார்.

"இந்தாங்க, உங்க பசங்களுக்குக் காட்டுங்க. நீங்க கைராசிக்காரங்க, முதல் டப்பா உங்க கைக்குத்தான் வரணும்."

அவரே ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிக் கொடுத்தார். டீச்சர் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பைக்குள் ஏற்கெனவே மூக்குக் கண்ணாடி, சாவிக்கொத்து, செல்போன், பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம் எல்லாம் சந்தைக்கடையாகக் கிடந்தன.

கண்ணாடிச் சுவர் போட்ட அலுவலக அறையில் உட்கார்ந்து மேனேஜர் கோப்பைப் புரட்டினார். முதல் அலகில் பார்வை சற்று நின்றது.

"தாள் சிக்கனமா? சபாஷ். இதைத்தான் நான் தலைபாடா அடிச்சுக்கறேன். இப்ப வர்றவங்களுக்குக் காகிதம்னா காத்து மாதிரி." அதற்கு மேல் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் தாண்டினார். நிறம் அளக்கும் அலகில் இரண்டு கேள்வி கேட்டார். டப்பா அலகைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே! பள்ளிக்கூடம்னா ஊசிப்போன சமாச்சாரத்தைத்தான் சொல்லிக் குடுப்பீங்கன்னு நினைச்சேன்."

பேனாவின் மூடியைத் திறந்தார். அந்த நேரத்தில் கதவு திறந்தது.

வந்தவள் பசை மெஷினில் வேலை செய்கிறவள். எல்லோருக்கும் ‘பசை அக்கா’. வாய் கொஞ்சம் நீளம், கண் அதைவிட நீளம். ஒரே ஒரு டப்பாவைக் கொண்டுவந்து கோப்பின் மேல் வைத்தாள்.

"சார், இது நம்ம வீட்டுப் பிள்ளை இல்ல."

மேனேஜர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளை டப்பா, குறுக்கே நீலப் பட்டை. "நல்லாத்தானேம்மா இருக்கு?"

"நம்பரைப் பாருங்க."

பட்டையின் ஓரத்தில் ஐந்து என்ற எண் இருந்தது. பேனாவின் மூடி மறுபடி பேனாவுக்குப் போயிற்று.

இருதய மாத்திரை. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே டப்பா. மருந்தின் அளவு மட்டும் இரண்டு விதம். போன வாரம் அச்சடித்தது ஐந்து. இன்றைக்கு ஓடிக்கொண்டிருப்பது பத்து. பட்டையின் நீலத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம், அவ்வளவுதான். மருந்துக் கம்பெனியில் இந்த டப்பாவுக்குள் பத்தைப் போட்டு மூடுவார்கள். மேலே ஐந்து என்று இருக்கும். ஐந்து என்று நம்பிப் பத்தை விழுங்குகிற இருதயம் யார் மேலும் வழக்குப் போடாது, நின்றுவிடும்.

"மெஷினை நிறுத்து" என்றார் மேனேஜர். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவ்வளவு பெரிய கொட்டகையில் திடீரென்று அவரவர் மூச்சு அவரவருக்குக் கேட்டது. வாசலில் சரக்கு ஏற்ற வந்து நின்றிருந்த லாரிக்காரன், என்ன ஆயிற்று என்று தெரியாமல் ஒருமுறை ஹாரன் அடித்தான்.

பென்சிலைக் கூப்பிட்டார்கள். வந்தான். டப்பாவைப் பார்த்தான். முகத்திலிருந்த ரத்தம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"இன்னிக்கு ஓடறது பத்து. நடுவுல அஞ்சு எப்படி வந்துச்சு?"

அவன் ஒருகணம் அக்காவைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான். அவனுக்குப் பதிலாகப் பசை அக்கா பேசினாள்.

"வேற எப்படி சார்? டீச்சர் தாள்ல வந்திருக்கும்."

"என்ன தாள்?"

"டீச்சர் தாள் சார். மெஷினைச் செட் பண்ணும்போது பழைய தாளை ஏத்தி ஓட்டுவாங்கல்ல, அது. பள்ளிக்கூடத்துல படிச்சுட்டு வந்த பசங்க எல்லாம் அதை அப்படித்தான் சொல்லும். எந்த மகராசி டீச்சரோ, யாரு கண்டா."

டீச்சர் உட்கார்ந்திருந்த நாற்காலி நகரவில்லை. ஆனாலும் அவள் எதையோ பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கிடைத்தது கோப்பின் ஓரம். முதல் அலகு அதற்குள்தான் இருந்தது.

"அந்தப் பேரு நாங்க விளையாட்டுக்கு வெச்சது சார்" என்றான் தம்பி அவசரமாக. "தப்பு என்னுது. காலையில செட் பண்ணும்போது அஞ்சோட மிச்சத் தாளை ஏத்தி, மை விடாம ஓட்டிப் பார்த்தேன். எல்லாத்தையும் எடுத்துட்டேன்னுதான் நினைச்சேன். அந்தப் பக்கம், தாள் போய் விழற இடத்துல, அடியில ஒண்ணு தங்கியிருக்கு. அது மேலேயே புதுசு விழுந்திருக்கு."

"செவுத்துல பலகை மாட்டியிருக்கேனே. மருந்து வேலையில பழைய தாள் ஏறக் கூடாதுன்னு. கண்ணு தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார்."

"அப்புறம்?"

பதில் டீச்சருக்குத் தெரியும். கண் பலகையைப் படிக்கும். கை தான் முதலில் கற்றதைச் செய்யும். அந்தக் கையைப் பிடித்து, பழைய தாளின் ஓரத்தை விசிறி மாதிரி தட்டி ஏற்றச் சொல்லிக் கொடுத்தவள் அவள்.

"கழட்டு அந்தக் கார்டை" என்றார் மேனேஜர்.

தம்பி கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். நிழற்படத்தில் காதில் பென்சிலோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு தாள்ல எத்தனை டப்பா?"

"பன்னிரண்டு சார்."

"அந்தப் பன்னிரண்டும் இந்த மேஜைக்கு வரணும். வந்தா, உன்னைப் பத்திப் பேசலாம். ஒண்ணு குறைஞ்சாலும் இந்த லோடு முழுசும் காகிதக் கூழுக்குப் போகும், நீ வீட்டுக்குப் போவே. மருந்துக் கம்பெனிக்காரன் என்னை நம்பித்தான் அந்தப் பக்கம் எண்ணிப் பார்க்காம வாங்கறான்." எழுந்தார். "தேடுங்க. பொறுமையா, ஆனா சீக்கிரம்."

டீச்சர் வாயைத் திறந்தாள். தம்பி கதவருகே நின்று, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "சொல்லாதேக்கா. சொன்னா இந்த வருஷம் படிக்கிறவங்க ஒருத்தரையும் இங்க எடுக்க மாட்டாரு. என்னோட போகட்டும்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் பின்னால் போனாள். கண்ணாடி அறையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க முடியாது.

எங்கே தேடுவது என்பதைத் தம்பிதான் கணக்குப் போட்டான். பயம் வந்தால் சிலருக்குப் புத்தி மங்கும். அவனுக்குச் சாணை பிடித்தது போலாகும். அச்சு அடுக்கில் அந்தத் தாள் அடியில் இருந்தது. வெட்டும் மெஷின் அடுக்கை மேலிருந்து எடுத்து வெட்டுகிறது. ஆக, அடியில் இருந்த தாள் கடைசியாக வெட்டுப்பட்டு, வெட்டிய அடுக்கின் உச்சிக்கு வந்திருக்கும். அந்த உச்சிக் கட்டைத்தான் உடைத்துப் பன்னிரண்டு சின்ன அடுக்குகளாக்கிப் பசை மெஷினுக்குத் தள்ளினார்கள். "அப்ப, ஒவ்வொரு அடுக்குலயும் முதல் டப்பாதான் தப்பு டப்பா. அடுத்ததுலேர்ந்து எல்லாம் சரியா இருக்கணும்."

பசை அக்கா மூன்றாவது அடுக்கை மெஷினில் வைக்கும்போதுதான் கண்டுபிடித்திருந்தாள். மீதி ஒன்பது அடுக்குகள் மரப்பலகையின் மேல் தொடப்படாமல் இருந்தன. தம்பி ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் ஒரு டப்பாவை எடுத்தான். ஐந்து. ஐந்து. ஐந்து. எடுத்த ஒவ்வொன்றுக்கும் அடியில் இருந்தது பத்து. அவன் கணக்குத் தப்பவில்லை. ஒரே தாள்தான்.

ஒன்பதோடு பசை அக்கா பிடித்தது ஒன்று. பத்து ஆயிற்று.

மேனேஜர் பின்னால் கைகட்டி நின்றார். "இன்னும் ரெண்டு."

முதல் இரண்டு அடுக்குகளும் ஏற்கெனவே ஒட்டப்பட்டு, பெரிய அட்டைப்பெட்டிகளில் அடைத்து நாடா போட்டாயிற்று. ஒட்டி வருகிற டப்பாக்களை இருவர் கைக்கு வந்தபடி வாரி அடைத்திருந்ததால், எது முதல், எது கடைசி என்று இனித் தெரியாது. பெட்டிகளைக் கிழித்துத் தரையில் கொட்டினார்கள். எல்லோரும் முழங்கால் போட்டு உட்கார்ந்தார்கள். டீச்சரும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பத்து, பத்து, பத்து. கொஞ்ச நேரத்தில் எண் எண்ணாக இல்லாமல் வெறும் கோடாகத் தெரிய ஆரம்பித்தது. கண்ணை மூடித் திறந்தால் எல்லா டப்பாவும் ஐந்தாகத் தெரிந்தது; மறுபடி பார்த்தால் ஒன்றுகூட இல்லை. வெயில் ஜன்னலிலிருந்து இறங்கிச் சுவர் மேல் ஏறியது. லாரிக்காரன் இந்த முறை நீளமாக ஹாரன் அடித்தான்.

"யோவ், வாயில்லாத வண்டியைக் கத்த விடாதே" என்று பசை அக்கா உள்ளே இருந்தே சத்தம் போட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

"கிடைச்சுடுச்சு!" என்று இரண்டாவது அடுக்கின் குவியலிலிருந்து ஒருவர் கையை உயர்த்தினார். ஐந்து. பதினொன்று.

தம்பி முதன்முறையாக மூச்சு விட்டான். மீதி ஒன்று. அது முதல் அடுக்கின் முதல் டப்பா. முதல் பெட்டியில்தான் இருக்க வேண்டும். அதை இரண்டு முறை பார்த்தார்கள். மூன்றாம் முறையும் பார்த்தார்கள். மெஷினின் வாய்க்கு அடியில், அதன் பெல்ட்டுகளுக்கு இடையில், குப்பைத் தொட்டியில் பார்த்தார்கள். இல்லை.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒண்ணு குறைஞ்சாலும்னு சொன்னேன்."

"சார், இன்னொரு தடவை..."

"எத்தனை தடவை? இல்லாததை எண்ணினா இருந்துடுமா? லாரியை அனுப்பிடுங்க. இதை எல்லாம் கூழுக்கு அள்ளுங்க."

யாரும் அள்ளவில்லை. யாரும் அவரைப் பார்க்கவும் இல்லை. தம்பி மட்டும் கொட்டிக் கிடந்த டப்பாக்களை மறுபடி ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

டீச்சரின் பையில் செல்போன் அதிர்ந்தது. எடுக்க மனமில்லை. நின்று, மறுபடி அதிர்ந்தது. கையை விட்டுத் துழாவினாள். மூக்குக் கண்ணாடியும் சாவியும் கைக்கு வந்தன. போன் எல்லாவற்றுக்கும் அடியில், ரப்பர் பேண்டு போட்ட டப்பாக்களுக்குக் கீழே கிடந்தது. காதில் வைத்தாள். தம்பி மனைவி.

"அண்ணி, அவரு போனை எடுக்கவே மாட்டேங்கறாரு. நீங்க அங்கதானே இருக்கீங்க? ஏதோ பிரச்சினைன்னு அங்க வேலை பார்க்கிற ஒருத்தி சொன்னா. வேலைக்கு ஒண்ணும் ஆபத்து இல்லையே?"

"இல்லம்மா... அப்புறம் கூப்பிடறேன்" என்றாள். சொல்லும்போதே அவள் இன்னொரு கை பைக்குள் உறைந்துபோயிருந்தது.

முதலில் வந்து விழுந்ததைத்தான் அவர் அள்ளினார். முதல் டப்பா உங்க கைக்குத்தான் வரணும்.

ரப்பர் பேண்டைப் பைக்குள்ளேயே விலக்கி, மேலே இருந்ததைப் பார்த்தாள். பத்து. அடுத்ததும் பத்து. அடியில் இருந்ததன் ஓரத்தை விரலால் நகர்த்தினாள். ஐந்து.

அவளுக்கு முன்னால் முதல் பெட்டி வாய் திறந்து கிடந்தது. எல்லோருடைய முதுகும் அவள் பக்கம். கையை நழுவ விட்டால் போதும். யாரோ ஒருவர் நாலாம் முறை தேடும்போது ‘கிடைச்சுடுச்சு’ என்று கத்துவார். தம்பிக்குக் கார்டு திரும்பி வரும். மேனேஜருக்கும் தலைகுனிவில்லை. நாளைக்குக் குழு உட்காரும், முதல் அலகு முதல் அலகாகவே இருக்கும். எல்லோருக்கும் நல்லது. கை பாதி தூரம் போய்விட்டது.

ஆனால் அப்படிப் போட்டால், அதுவும் அடியில் தங்கிய தாள்தான். மேலே புதுசு விழுந்து மூடிவிடும். அடுத்த முறை எந்த மெஷினில், யார் கையில் மேலே வருமோ.

அவள் எழுந்தாள். முழங்கால் வலித்தது. நேராகப் போய் மேனேஜரின் உள்ளங்கையில் டப்பாவை வைத்தாள்.

"பன்னிரண்டு" என்றாள்.

அவர் டப்பாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "எங்க இருந்துச்சு?"

"என் பையில. கைராசின்னு நீங்க அள்ளிக் குடுத்தீங்களே, அதுல. நல்லவேளை போன் வந்துச்சு. இல்லன்னா நாளைக்கு வகுப்புல பசங்களுக்குக் காட்டியிருப்பேன்."

மேனேஜரின் காதுகள் மெல்லச் சிவந்தன. எண்ணிக்கையில் வராமல் ஒரு டப்பாவும் மெஷினை விட்டுப் போகக் கூடாது என்பதும் அதே சுவரில், அதே பலகையில், அவர் எழுதி மாட்டியதுதான்.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றாள் டீச்சர். தம்பி "அக்கா" என்றான். அவள் நிறுத்தவில்லை. "அந்த மகராசி டீச்சர் நான்தான். பழைய தாளை ஏத்தச் சொல்லிக் குடுத்தது நான். நல்லா ஏத்தினதுக்கு இவனுக்கு இருபதுக்கு இருபது போட்டதும் நான்."

பசை அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, நீங்களா? நான் ஒண்ணும் தப்பா சொல்லலீங்க டீச்சர், மகராசின்னுதானே சொன்னேன்."

மேனேஜர் அலுவலக அறைக்கு நடந்தார். டீச்சர் பின்னால் போனாள். அவர் கோப்பின் முதல் பக்கத்தை இழுத்து, இந்த முறை வரி வரியாகப் படித்தார். படித்து முடித்ததும் குரல் கடுமையாகவே வந்தது.

"இந்த வருஷம் வர்றவங்க எல்லாரும் இதே கையோடதான் வருவாங்களா?"

"நாளைக்கு மாத்தலன்னா, வருவாங்க."

"இதை எழுதி எங்கிட்டயே கையெழுத்துக்குக் கொண்டு வந்தீங்களே!"

"நீங்களும் சபாஷ்னு சொன்னீங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். அது கிறீச்சிட்டது.

"சார், நாங்க சிக்கனமானவங்க இல்ல, இல்லாதவங்க" என்றாள் டீச்சர். "நல்ல தாளுக்கு வழியில்லாமத்தான் பழசுல ஓட்டச் சொன்னேன். அப்புறம் அதுக்குச் சிக்கனம்னு ஒரு நல்ல பேரை வெச்சு, மார்க்கும் போட ஆரம்பிச்சுட்டேன். இப்ப இந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போடறது சுலபம். ஆனா அங்க தாள் இல்லன்னா, பசங்க மறுபடி பழசைத்தான் ஏத்துவாங்க. பாடம் மாறினா மட்டும் போதாது, தாளும் மாறணும்."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"ஓரம் கசங்கின வெள்ளை அட்டை வெளியில மலை மாதிரி கிடக்கு. ஒரு எழுத்துகூட அச்சடிக்காதது. கூழுக்குத்தானே போகுது? அதை எங்களுக்கு அனுப்புங்க."

"தொழிற்சாலைக்கு என்ன தேவைன்னு கேக்க வந்துட்டு, உங்க தேவையைச் சொல்றீங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்னு இன்னிக்கு மத்தியானம் தெரிஞ்சுபோச்சே சார்."

மேனேஜர் கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தார். பென்சில் தரையில் உட்கார்ந்து டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் பெட்டிகளுக்கு மறுபடி நாடா போட்டார்கள். மேஜைமேல் பன்னிரண்டு டப்பாக்கள் வரிசையாக இருந்தன, பக்கத்தில் கார்டு.

அவர் கார்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பென்சிலின் மடியில் போட்டார். "நாளையிலேர்ந்து கொஞ்ச நாளைக்கு நீ அச்சு மெஷினை ஓட்டக் கூடாது. பசை மெஷின்ல நில்லு. ஒவ்வொரு டப்பாவா பார்த்துக் கத்துக்க."

"எங்கிட்டயா?" என்றாள் பசை அக்கா. "குடுங்க சார், நல்லா சீவி விடறேன்."

இந்த முறை நாலைந்து பேர் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை, கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

டீச்சர் கோப்போடு பின்னாலேயே வந்து, அவன் காதிலிருந்த பென்சிலை உருவினாள். கோப்பை அச்சு மெஷினின் படிமேல் வைத்து, முதல் அலகின் மேல் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டாள். எழுதிய கையே அடித்தது. எழுதும்போது பிடித்த நேரம் அடிக்கப் பிடிக்கவில்லை. ஓரத்தில் எழுதினாள்: முதல் அலகு, மெஷினைக் காலி செய்தல்.

"மார்க்?" என்றார் மேனேஜர், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

"இருபது. உள்ள ஒரு துண்டு இருந்தாலும் பூஜ்யம். நடுவுல எதுவும் கிடையாது."

"எழுதறது யார் வேணா எழுதலாம். எனக்குக் காட்டுங்க. அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

அதனால் அந்தப் பரீட்சை அப்போதே நடந்தது. தம்பி மெஷினைத் திறந்தான். தாள் ஏறும் பலகையைத் துடைத்தான். தாள் விழும் பலகையைத் தூக்கினான், உருளைகளுக்கு நடுவே பார்த்தான், பக்கவாட்டு மூடிகளைக் கழற்றி விளக்கடித்தான். வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. கடைசியில் கையை அகல விரித்துக் காட்டினான். "காலி."

மேனேஜர் தம் அகலத்தை மறந்து தரையில் குப்புறப் படுத்தார். டார்ச்சை வாங்கி உள்ளே நீட்டினார். பிறகு கையை விட்டு எதையோ உருவி, படுத்தபடியே டீச்சரிடம் நீட்டினார்.

கட்டைவிரல் அகலத்தில் ஒரு கிழிந்த மூலை, காலையில் ஓட்டிய வேறொரு பழைய தாளுடையது. நீலப் பட்டையின் நுனி. அதில் பாதி ஐந்து.

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். தம்பியும் பார்த்தான், வீட்டில் பார்க்கிற பார்வை அது, வகுப்பில் பார்க்கிறது அல்ல. அவள் அந்தத் துண்டைக் கோப்பின் மேல் வைத்தாள்.

"பூஜ்யம்" என்றாள்.

"அக்கா..."

"டீச்சர்னு சொல்லு. திரும்பவும் முதல்லேர்ந்து."

அவன் சட்டைக் கையை இன்னும் மேலே சுருட்டிக்கொண்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, மெஷினுக்கு அடியில் நுழைந்தான். மேனேஜர் எழுந்து அட்டைத் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டார். பேனாவின் மூடியைத் திறந்து, கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். "பொறுமையா" என்றார். மறுபாதியைச் சொல்லவில்லை.

பையில் போன் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை.

"அண்ணி, என்னாச்சு? வேலை இருக்கா, போச்சா?"

மெஷினுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே டார்ச் வெளிச்சம் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்தது.

"வேலை இருக்கும்மா" என்றாள் டீச்சர். "பரீட்சையிலதான் ஃபெயில். திரும்ப எழுதிட்டு வருவான்."